சிம்ப்யூட்டரும் மூன்றரை அங்குலத் திரையும்

சிம்ப்யூட்டரைப் பற்றி நான் படித்த குறிப்புகள் எல்லாம் ஒரே மாதிரிதான் முடிகின்றன. பெங்களூரில் சில பேராசிரியர்கள் நல்ல மனசோடு ஏழைகளுக்கென்று ஒரு கையடக்கக் கணினி செய்தார்கள், விலை இறங்கவில்லை, அதற்குள் செல்போன் வந்துவிட்டது, கதை முடிந்தது. பொய்யான கதை இல்லை. ஆனால் சோம்பேறிக் கதை. செல்போன் எல்லாவற்றையும்தான் கொன்றது, டார்ச் லைட்டிலிருந்து பாக்கெட் ரேடியோ வரை. அதைச் சொல்லிவிட்டால் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டிய வேலை மிச்சம், அவ்வளவுதான்.

கொஞ்ச நாளாக ஒரு ராஸ்பெரி பை 3 பி பிளஸ் பலகையின் தலையில் மூன்றரை அங்குலத் தொடுதிரையைச் செருகி, அதில் தமிழ் படிக்கவும் எழுதவும் முடிகிற ஒரு சின்னப் பெட்டியாக அதை ஆக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கிற சாதாரணத் திரைதான். கூடவே சிம்ப்யூட்டரின் பழைய விவரக்குறிப்பையும் படித்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அந்தப் பழைய கணினியில் எது தப்பாகப் போனது, எது சரியாக இருந்தது என்பது வேறு மாதிரித் தெரிகிறது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் சுருக்கமாக வரலாறு. 1998ல் பெங்களூரில் நடந்த ஒரு கருத்தரங்கில், வளரும் நாடுகளுக்குத் தகவல் தொழில்நுட்பம் எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு பிரகடனம் எழுதினார்கள். அதிலிருந்து கிளம்பிய யோசனை. 1999ல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளை. இந்திய அறிவியல் கழகத்தின் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஒரு பக்கம். என்கோர் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டேயும் அவருடைய ஆட்களும் இன்னொரு பக்கம். 2001 ஏப்ரலில் முதல் மாதிரியைக் காட்டினார்கள். இன்டெல் ஸ்ட்ராங்ஆர்ம் எஸ்ஏ-1110 சில்லு, 206 மெகாஹெர்ட்ஸ். 320க்கு 240 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை. குச்சியால் தொட்டு இயக்க வேண்டும். உள்ளே லினக்ஸ். பக்கவாட்டில் ஸ்மார்ட் கார்டு செருகுகிற ஒரு பிளவு. விலை சுமார் 9,000 ரூபாய்க்குள் வரவேண்டும் என்பது திட்டம். அந்த ஆண்டுக் கடைசியில் நியூயார்க் டைம்ஸ் இதழில் புரூஸ் ஸ்டெர்லிங் இதைப் பாராட்டி எழுதினார். பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்து, பேராசிரியர்களின் பிகோபெட்டா நிறுவனம் 'அமிடா' என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தபோது 2004 ஏப்ரல் ஆகிவிட்டது. கறுப்பு வெள்ளை மாடல் 9,950 ரூபாய். வண்ணத் திரை வேண்டுமென்றால் இன்னும் மேலே.

இந்த மூன்று வருட இடைவெளியைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த ஸ்மார்ட் கார்டு பிளவு. சிம்ப்யூட்டர் என்று நினைத்தாலே நமக்கு ஞாபகம் வருவது திரையும் குச்சியும்தான். ஆனால் அதன் வடிவமைப்பின் மையம் அந்தப் பிளவு. ஒரு கிராமத்துக்கு ஒரு பெட்டி, ஆளுக்கு ஒரு அட்டை. பெட்டியை ஊரில் யாராவது வாடகைக்கு விடலாம், பள்ளிக்கூடத்தில் வைக்கலாம், பஞ்சாயத்தில் வைக்கலாம். அட்டையைச் செருகினால் அது 'உங்கள்' கணினி. உங்கள் விவரம், உங்கள் கணக்கு, உங்கள் மொழி. அட்டையை எடுத்தால் அடுத்தவருடையது. இதற்கென்றே ஐஎம்எல் என்று ஒரு குறியீட்டு மொழியும் எழுதினார்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட 'த்வனி' என்ற பேச்சு மென்பொருள். ரமேஷ் ஹரிஹரன் ஆரம்பித்து வைத்தது, பிற்பாடு வேறு கைகளுக்குப் போய் தமிழ் உட்படப் பல மொழிகளுக்கு வளர்ந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். பொதுவில் ஒரு கையடக்க இயந்திரம், வீட்டுக்கு ஒரு அட்டை. இதை நாம் எல்லோரும் மாதாமாதம் பார்க்கிறோமே? ரேஷன் கடையில். 2017லிருந்து தமிழ்நாட்டில் கொடுத்த ஸ்மார்ட் குடும்ப அட்டையும், கடைக்காரர் கையில் இருக்கிற விற்பனை முனைய இயந்திரமும்தான் சிம்ப்யூட்டரின் நேரடி வாரிசு. பஸ் கண்டக்டர் கையில் இருக்கிற டிக்கெட் இயந்திரம் ஒன்றுவிட்ட தம்பி. ஆக, 'சிம்ப்யூட்டர் தோற்றது' என்பதே பாதி உண்மைதான். அதன் உருவம் ஜெயித்திருக்கிறது.

ஆனால் உருவம் மட்டும்தான். சிம்ப்யூட்டரில் அட்டை ஒரு பர்ஸ் மாதிரி, உள்ளே சரக்கு இருந்தது. ரேஷன் அட்டை ஒரு சாவி மாதிரி. நம் விவரம் எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது, அட்டை அதைக் கூப்பிடுகிறது. 2020 அக்டோபரில் கைரேகைச் சரிபார்ப்பு வந்த பிறகு அந்தச் சாவியும்கூட நம் விரலாகிவிட்டது. இணைப்பு இல்லையென்றால் பெட்டிக்கும் அட்டைக்கும் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அரசாங்கக் கணக்குக்கு இது வசதி, போலி அட்டையைப் பிடிக்க வேறு வழி கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1999ல் பெங்களூர்க்காரர்கள் 'தகவல் யாருடைய சட்டைப்பையில் இருக்க வேண்டும்' என்று ஒரு கேள்வி கேட்டு, 'ஏழையின் சட்டைப்பையில்' என்று ஒரு பதிலும் சொல்லியிருந்தார்கள். அந்தப் பதிலைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டோம். சிம்ப்யூட்டரைப் பற்றிய விமர்சனங்களில் யாரும் இதைச் சொல்லி நான் பார்க்கவில்லை. எல்லோருக்கும் விலைதான் பேச்சு.

சரி, குறைக்கு வருவோம். சிம்ப்யூட்டரின் உரிமம் அந்தக் காலத்துக்கு மிகத் துணிச்சலானது. இத்தாலியில் அர்டுயினோ ஆரம்பித்ததே 2005ல்தான். அதற்கு நாலு வருஷம் முன்னாடியே இவர்கள் ஜிபிஎல் மாதிரியில் வன்பொருளுக்கு ஓர் உரிமம் எழுதிவிட்டார்கள். விவரக்குறிப்பு பொதுவில் இருக்கும். யாரும் படிக்கலாம், செய்து பார்க்கலாம். விற்பதானால் அறக்கட்டளைக்கு ஒருமுறை கட்டணம். வளரும் நாட்டு நிறுவனத்துக்குக் குறைவு, பணக்கார நாட்டு நிறுவனத்துக்கு அதிகம். நீங்கள் செய்த மாற்றத்தைக் கொஞ்ச காலம் உங்களிடமே வைத்துக்கொண்டு லாபம் பார்க்கலாம், பிறகு பொதுவில் திருப்பித் தர வேண்டும். காகிதத்தில் இதைவிட நியாயமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

பிரச்சினையே அது காகிதத்தில் இருந்ததுதான். எஸ்ஏ-1110 சில்லுக்கு 256 இணைப்புகள், எல்லாம் வயிற்றுக்கு அடியில் சின்னச் சின்ன உருண்டைகளாக. கையில் சாலிடரிங் அயர்ன் பிடித்து இதைப் பலகையில் ஒட்ட முடியாது. பல அடுக்குப் பலகை வேண்டும், உலை வேண்டும், சில்லு விற்பவர் உங்களை ஒரு வாடிக்கையாளராக மதிக்க வேண்டும். வரைபடம் திறந்திருந்தது, கடை மூடியிருந்தது. இதைப் படிக்கிற ஒரு பொறியியல் மாணவன் திருச்சியிலோ திருநெல்வேலியிலோ இருந்துகொண்டு ஒரே ஒரு பெட்டி செய்து பார்க்க வழியே இல்லை. போதாக்குறைக்கு 2002லேயே இன்டெல் தன் அடுத்த வரிசையான எக்ஸ்ஸ்கேலுக்குத் தாவியது. 2006ல் அதையும் மார்வெல்லுக்கு விற்றுவிட்டது. உரிமம் எவ்வளவு திறந்திருந்தாலும் நடுவில் உட்கார்ந்திருக்கிற சில்லு அடுத்தவன் கையில்.

ராஸ்பெரி பை இதற்கு நேர் எதிர். 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு வந்த முதல் பலகையிலிருந்து இன்றுவரை அது திறந்த வன்பொருள் கிடையாது. பிராட்காம் சில்லைத் தனியாக நமக்கு விற்க மாட்டார்கள். மின்சுற்று வரைபடத்தில் பாதியை மறைத்துத்தான் தருவார்கள். கொள்கையளவில் பார்த்தால் சிம்ப்யூட்டர்தான் யோக்கியம். ஆனால் பை பலகையை ஒற்றை ஒற்றையாக விற்றார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கல்லூரிப் பையன் போய் ஒன்று கேட்டால் ஒன்று கிடைக்கும். 2014ல் 40 பின் வைத்தவர்கள் இன்றுவரை அந்த வரிசையை மாற்றவில்லை. பத்து வருஷப் பழைய திரை இன்றைய பலகையில் உட்காரும். எனக்குப் புத்தகத்தில் இருக்கிற திறப்பைவிடக் கடையில் இருக்கிற திறப்பு பெரிதாகத் தெரிகிறது. இதைச் சொன்னால் கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் கோபப்படுவார்கள். படட்டும். 2021க்குப் பிறகு இரண்டு வருஷம் பை பலகையே கிடைக்காமல் போனபோது, வரைபடம் இல்லாததால் வேறு யாராலும் செய்துகொடுக்க முடியவில்லை என்பதையும் அவர்கள் பக்க நியாயமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி மேசை மேல் இருக்கிற பெட்டி. மூன்றரை அங்குலத் திரை என்று நூற்றுக்கணக்கான பெயர்களில் விற்கிறார்களே, உள்ளே பெரும்பாலும் ஒரே சமாச்சாரம்தான். ஐஎல்ஐ9486 என்ற காட்சிக் கட்டுப்பாட்டுச் சில்லு, எக்ஸ்பிடி2046 என்ற தொடு சில்லு, 480க்கு 320 புள்ளிகள். பலகையின் 40 பின்களில் முதல் 26ன் மேல் அப்படியே உட்காரும். படமெல்லாம் எஸ்பிஐ என்ற ஒற்றைக் கம்பி வழியாகப் போகிறது. கணக்குப் போட்டால் ஒரு முழுப் படத்துக்கு 480 × 320 × 16, அதாவது 24,57,600 பிட். கம்பி 32 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் வினாடிக்கு 13 படம், அதற்கு மேல் போகாது. 16ல் ஓடினால் ஆறரை. விளம்பரத்தில் சினிமா ஓடுவது போலப் படம் போட்டிருப்பார்கள். சினிமாவுக்கு 24 வேண்டும். எழுத்து படிக்க, பட்டன் தொட, இந்தப் பதின்மூன்று தாராளம். எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதை விற்கிறவர் சொல்லலாமே என்பதுதான் என் வருத்தம்.

இன்னொரு வருத்தமும் உண்டு. திரையோடு ஒரு ஸ்கிரிப்ட் தருவார்கள், 'இதை ஓட்டுங்கள், எல்லாம் தானாக நடக்கும்' என்று. அது உங்கள் அமைப்புக் கோப்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தன்னுடையதை வைக்கும். அவசியமே இல்லை. ராஸ்பெரி பை லினக்ஸ் கருவோடு 'பைஸ்கிரீன்' என்று ஒரு ஓவர்லே ஏற்கெனவே வருகிறது. கட்டமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி எழுதினால் இந்த வகைத் திரைகள் பலவும் எழுந்து நிற்கும். அதில் தொடு சில்லுக்கு எழுதியிருக்கிற பெயர் ஏடிஎஸ்7846. கையடக்கக் கருவிகள் குச்சியோடு வந்த காலத்துச் சில்லு அது. இன்றைய எக்ஸ்பிடி2046 அதன் நகல். ஆக, நான் இன்று வாங்கி வந்த திரையில் இருப்பது சிம்ப்யூட்டர் காலத்து அழுத்தத் தொடுதிரைத் தொழில்நுட்பமேதான். இரண்டு மெல்லிய படலம், அழுத்தினால் ஒட்டும், மின்னழுத்தத்தை அளந்து இடத்தைக் கண்டுபிடிக்கும். நகமும் போதும், மழையில் நனைந்த விரலும் போதும், உறை போட்ட கையும் போதும்.

2007ல் ஐபோன் வந்ததிலிருந்து குச்சி என்றாலே சிரிப்பு. தமிழ் தட்டச்சுக்கு வந்தால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் அடங்கும். தமிழ்99 விசைப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் வரிசையில் 12 எழுத்து, நடுவில் 11, கீழே 8, மொத்தம் 31. உயிர் 12, மெய்வரிசைக்கு 18, ஆய்தம் 1 என்று கணக்கு கச்சிதமாக உட்காரும். மூன்றரை அங்குலத் திரையைப் படுக்கையாக வைத்தால் அகலம் சுமார் 74 மில்லிமீட்டர். பன்னிரண்டால் வகுத்தால் ஒரு விசைக்கு 6 மில்லிமீட்டர் சொச்சம். விரலுக்குச் சுமார் 9 மில்லிமீட்டராவது வேண்டும் என்று இடைமுகம் வடிவமைப்பவர்கள் சொல்வார்கள். ஆங்கிலத்துக்குப் பத்து விசையோடு ஏதோ சமாளிக்கலாம். தமிழுக்கு ண கேட்டால் ட வரும். கையில் குச்சி இருந்தால் பிரச்சினையே இல்லை. சிம்ப்யூட்டர்க்காரர்கள் குச்சி வைத்தது அன்றைக்கு வேறு வழி இல்லாமல் என்றே வைத்துக்கொண்டாலும், இந்திய மொழிகளுக்கு அது தப்பான முடிவு இல்லை. அமிடாவில் திரையில் கையால் கிறுக்கி அதை அப்படியே மின்னஞ்சலாக அனுப்பவும் வழி வைத்திருந்தார்கள். எந்த எழுத்துரு, எந்தக் குறியேற்றம் என்று 2004ல் தமிழ் இணையம் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், எல்லாச் சண்டையையும் சுற்றிக்கொண்டு போகிற வழி. பார்க்க எளிமை, யோசித்தால் ரொம்ப புத்திசாலித்தனம்.

சூட்டையும் சொல்லிவிட வேண்டும். 3 பி பிளஸ் பலகை 60 டிகிரி தாண்டினால் தன் வேகத்தை 1.4லிருந்து 1.2 கிகாஹெர்ட்ஸுக்கு இறக்கிக்கொள்ளும். தலைக்கு மேல் திரை, சுற்றி பிளாஸ்டிக் பெட்டி, வெளியே தாம்பரம் மே மாதம். 60 எல்லாம் சும்மா வந்துவிடும். திரைக்கும் சில்லுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் குட்டையான அலுமினிய வெப்பத்தகடு ஒட்டலாம், பெட்டியின் இரண்டு பக்கமும் துளை போடலாம். அதற்கு மேல் கவலைப்பட வேண்டியதில்லை, எழுத்து காட்டுகிற வேலைக்கு அந்த வேகமே அதிகம். மின்சாரம்தான் உண்மையான எதிரி. மெல்லிய யுஎஸ்பி வயரில் வோல்ட் 4.63க்குக் கீழே இறங்கினால் பலகை மின்னல் குறி காட்டி எச்சரிக்கும். திரை இல்லாமல் ஒழுங்காக ஓடுகிற பலகை திரையைச் செருகியதும் தடுமாறினால் முதலில் வயரை மாற்றுங்கள், மென்பொருளை நோண்டாதீர்கள்.

மறுபடி சிம்ப்யூட்டருக்கே வருகிறேன். அமிடாவைத் தயாரித்தது பாரத் எலக்ட்ரானிக்ஸ் என்றேன். தமிழ் வாசகர்களுக்கு அந்தப் பெயர் சுஜாதாவால் பழக்கம். பக்கத்துக் குரோம்பேட்டை எம்ஐடியில் படித்துவிட்டுப் போய், பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர். வாக்குப்பதிவு இயந்திரமும் ஒரு சின்னப் பலகைக் கணினிதான். படிக்கத் தெரியாதவரும் தொட்டு இயக்க வேண்டும், மின்சாரம் இல்லாத ஊரில் பேட்டரியில் ஓட வேண்டும், இணைப்பே இருக்கக் கூடாது. சிம்ப்யூட்டருக்குச் சொன்ன அத்தனை நிபந்தனையும் அதற்கும் உண்டு. 1982ல் கேரளத்தின் பரூரில் முதல் சோதனை, பிறகு சட்டச் சிக்கல், திருத்தம், 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க. அமிடா கடைக்கு வந்த அதே ஏப்ரலில் அந்தத் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. ஒரே தொழிற்சாலைக்காரர்கள் செய்த இரண்டு பெட்டி. ஒன்றை இந்தியாவே தொட்டது, இன்னொன்றை யாரும் தொடவில்லை.

வித்தியாசம் தொழில்நுட்பத்தில் இல்லை என்பது என் கட்சி. வாக்குப்பதிவு இயந்திரத்துக்கு ஒரு வாங்குபவர் இருந்தார்: தேர்தல் ஆணையம். ரேஷன் இயந்திரத்துக்கு மாநில அரசு. சிம்ப்யூட்டரின் தொழில்நுட்பமே பிற்பாடு என்கோர் வழியாக ராணுவத்துக்குச் 'சாதி' என்ற போர்க்களக் கையடக்கக் கருவியாகப் போனது. அங்கேயும் வாங்குபவர் யார் என்று தெரியும். ராஸ்பெரி பைகூட, குழந்தைகளுக்கு நிரல் சொல்லித்தர என்று ஆரம்பித்ததே தவிர, 2024ல் லண்டன் பங்குச் சந்தைக்குப் போனபோது அதன் விற்பனையில் பாதிக்கு மேல் தொழிற்சாலைகளுக்கும் கருவி செய்பவர்களுக்கும் போய்க்கொண்டிருந்தது. சிம்ப்யூட்டரை வடிவமைத்தவர்கள் யார் பயன்படுத்துவார் என்று ரொம்ப நுட்பமாக யோசித்தார்கள். யார் பில்லுக்குப் பணம் கட்டுவார் என்று அந்த அளவுக்கு யோசிக்கவில்லை. கர்நாடகத்தில் நிலப் பதிவேடு, சத்தீஸ்கரில் பள்ளிக்கூடம் என்று முன்னோட்டம் நடத்தினார்கள். முன்னோட்டத்துக்குப் பிறகு ஓட்டம் இல்லை.

இதைப் பழைய கதை என்று தள்ளிவிட முடியாததற்குக் காரணம், தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வரை வரிசையாக இருக்கிற பொறியியல் கல்லூரிகள். ஒவ்வொரு வருஷமும் இறுதியாண்டு புராஜெக்ட் என்று எத்தனை பை பலகை, எத்தனை மூன்றரை அங்குலத் திரை! தெரிந்தவர் பிள்ளைகள் காட்டக் கொண்டுவருவார்கள். பார்வையற்றோருக்கான கருவி, விவசாயிக்கான கருவி, முதியோருக்கான மாத்திரைப் பெட்டி. திரை ஒளிரும், பட்டன் வேலை செய்யும், ஆங்கிலத்தில் 'வெல்கம்' வரும். 'தம்பி, இதை எந்தப் பார்வையற்றவரிடம் காட்டினீங்க?' என்று கேட்டால் முழிப்பார்கள். பார்வையற்றவருக்கான கருவிக்கு எதற்குத் தொடுதிரை என்று அதற்கப்புறம்தான் அவர்களுக்கே தோன்றும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. மதிப்பெண் போடுகிறவர் கேட்பது திரை எரிகிறதா என்று மட்டும்தான். தயார் நிலையில் புராஜெக்ட் விற்கிற கடைகளே இருக்கின்றன. வைவா முடிந்ததும் பெட்டி பரணுக்குப் போகும், எஸ்டி கார்டு மட்டும் செல்போனுக்குப் போகும்.

செருகுவது கடினம் இல்லை, அரை மணி நேர வேலை. அதற்கு மேல் இருக்கிற அடுக்குதான் யாரும் தொடாதது. தமிழ் விசைப்பலகை அமைப்பு, ஆறு மில்லிமீட்டர் பிரச்சினைக்குத் தீர்வு, நெருக்கமான புள்ளிகளில் சிதையாத எழுத்துரு, படித்துக் காட்டுகிற குரல். குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையத்திலும் சென்னை சி-டாக்கிலுமாகக் கட்டற்ற மென்பொருளுக்கென்று ஒரு தேசிய வள மையம் 2005 வாக்கில் ஆரம்பித்து, பாஸ் லினக்ஸ் எல்லாம் வந்ததே, அது நம் ரயில் பாதையில் இரண்டு ஸ்டேஷன் தள்ளி நடந்த வேலை. இந்த அடுக்கைத் தொட்டவர்கள் அவர்கள். இன்றைக்கு அந்தச் சுற்று வட்டாரத்துக் கல்லூரிப் பிள்ளைகள் பலருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. திரை எரிய வைப்பதற்குப் பதிலாக, தமிழ்99க்கு விரலால் அடிக்கக்கூடிய ஒரு சின்னத்திரை வடிவம் யோசித்து, தெருவில் இருக்கிற பத்துப் பெரியவர்களை அடிக்க வைத்து, எத்தனை எழுத்து தப்பாக விழுகிறது என்று எண்ணினால் அது ஒரு முழு புராஜெக்ட். செலவும் கம்மி.

'போன் இருக்கும்போது இந்தப் பெட்டி எதற்கு?' என்பார்கள். நியாயமான கேள்விதான். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் ஆள் உயரத்துக்குத் தண்ணீர். அப்போது கையில் போன் இருந்தது, டவர் இல்லை. போனுக்குள் இருந்த செயலிகள் பாதி வெறும் கதவுகள், வீடு வேறு எங்கோ. ஒரு தெருவுக்குள்ளேயே இயங்குகிற, அட்டையிலேயே விவரம் வைத்திருக்கிற பெட்டி என்ற யோசனையை நான் அந்த நாட்களோடு சேர்த்துத்தான் படிக்கிறேன். யாருக்கு என்ன மருந்து, என்ன ரத்த வகை, யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை ஒரு அட்டையில் எழுதி, இணைப்பே இல்லாத பெட்டியில் படிக்க முடிந்தால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு. யார் வாங்குவார் என்ற என்னுடைய கேள்வியை நானே எனக்குக் கேட்டுக்கொண்டேன்: ஒரு குடியிருப்போர் சங்கம் ஒரு பெட்டி வாங்கலாம். தெருவுக்கு ஒன்று போதும். அதனால்தான் பொதுப்பெட்டி, தனி அட்டை.

அட்டையில் எவ்வளவு பிடிக்கும் என்று பார்த்தேன். கடையில் கிடைக்கிற சாதாரண மைஃபேர் கிளாசிக் அட்டை 1 கிலோபைட். பூட்டுக்கான கட்டங்களும் தொடக்கக் கட்டமும் போக 752 பைட் மிஞ்சும். யூனிகோட் யுடிஎஃப்-8ல் தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 'கூ' என்று எழுதினால் க மூன்று, ஊகாரக் குறி மூன்று, ஆக ஆறு. மொத்தம் 250 குறிதான். பெயர், தெரு, இரண்டு மருந்து, அதோடு சரி. 2010ல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ்16 குறியேற்றத்தில் அதே 'கூ' இரண்டே பைட். 376 எழுத்து பிடிக்கும். செத்துப்போனதாக எல்லோரும் நினைக்கிற ஒரு குறியேற்றத்துக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது என்பது எனக்கே ஆச்சரியம். அந்த அட்டையின் பூட்டு 2008லேயே உடைக்கப்பட்டுவிட்டது, ரகசியம் எதையும் அதில் வைக்கக் கூடாது. ரத்த வகை ரகசியம் இல்லை.

அட்டை படிக்கிற ஆர்சி522 தொகுதியைப் பொருத்துவதில் ஒரு சின்ன இடக்கு. முதல் எஸ்பிஐ வழியின் இரண்டு தேர்வுக் கம்பிகளையும் திரை எடுத்துக்கொள்கிறது: ஒன்று படத்துக்கு, ஒன்று தொடுதலுக்கு. நல்லவேளையாகப் பலகையில் இரண்டாவது எஸ்பிஐ உண்டு. அதற்கு வேண்டிய 35, 36, 38, 40 ஆகிய பின்கள் நான்கும் திரை மூடாத கடைசிப் பதினான்கில்தான் இருக்கின்றன. தரைக்கு 39 இருக்கிறது. கிடைக்காதது 3.3 வோல்ட் மட்டும். பலகையில் அது இரண்டே இடத்தில், 1லும் 17லும், இரண்டும் திரைக்கு அடியில். பலகையைத் திருப்பி, 17வது பின்னின் அடிப்பக்கம் தெரிகிற முனையில் ஒரு மெல்லிய வயரைப் பற்றவைத்து, ஓரமாக வெளியே எடுத்தால் போதும்.